ஜாடிக்குத் தப்பிய களாப்பழம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு களாச்செடிக்காக மாமியாரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது பம்பாய் மாதுங்காவில், மூன்றாவது மாடியில். மண் என்றால் எனக்குத் துளசித் தொட்டியில் இருப்பதுதான். களாக்காய் மார்க்கெட்டில் கூடையில் பச்சையாக வந்து உட்காரும், அங்கிருந்து எங்கள் வீட்டு ஜாடிக்குள் போகும், ஜாடியிலிருந்து தட்டில் தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் வரும். அது ஒரு செடியில் காய்க்கிறது, விட்டுவைத்தால் பழுக்கும் என்கிற யோசனையே எனக்கு இருபத்தொரு வயசு வரை வந்ததில்லை. எங்கள் கட்டிடத்தில் வேறு யாருக்கும் வந்த மாதிரியும் தெரியவில்லை. நம் ஜனங்களுக்கு எந்தக் காயைக் கண்டாலும் முதலில் ஜாடிதானே ஞாபகம் வரும்.

கல்யாணமாகி செம்பூருக்கு வந்தேன். காலனியில் கிரவுண்ட் ஃப்ளோர் வீடு. ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் பத்தடி மண் சும்மா கிடந்தது. என் கணவருக்கு அந்த மண் கண்ணில் பட்டதே இல்லை. காலையில் எட்டே காலுக்கு லோக்கல் ரயிலைப் பிடித்துக் கோட்டைப் பக்கம் ஆபீஸுக்குப் போனால் ராத்திரிதான் வருவார். மாமியாருக்கு அது பாத்திரம் கழுவின தண்ணீரைக் கொட்டும் இடம். எனக்கு மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரத்தது.

அறுபத்திரண்டு மே மாதம். நானும் மாடிவீட்டு வஹினியும் மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வஹினி என்றால் மராத்தியில் மன்னி. அவள் எனக்கு மன்னியும் இல்லை, நான் அவளுக்கு நாத்தனாரும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே வருஷம் கல்யாணம் ஆகி ஒரே கட்டிடத்துக்கு வந்தவர்கள். அவள் என்னை வஹினி என்பாள், நானும் அவளை வஹினி என்பேன். எங்கள் பேச்சில் பாதி ஹிந்தி, கால் மராத்தி, மீதிக் கால் கைஜாடை. அதை அப்படியே எழுதினால் யாருக்கும் விளங்காது, தமிழிலேயே சொல்கிறேன்.

குர்லாவில் ஹார்பர் லைன் வண்டிக்காக நிற்கும்போது ஒரு பெண்பிள்ளை பிளாட்பாரத்தில் கூடையை இறக்கி வைத்து, "டோங்கராச்சி காளி மைனா!" என்று கூவினாள். மலையிலிருந்து வந்த கறுப்பு மைனாவாம். எட்டிப் பார்த்தால் கூடை நிறையக் கறுகறுவென்று குட்டிக் குட்டிப் பழங்கள். வஹினிக்கு முகமெல்லாம் சிரிப்பு. இலையைச் சுருட்டிச் செய்த தொன்னையில் இரண்டு தொன்னை வாங்கி ஒன்றை என் கையில் திணித்தாள்.

"சொல்லு. கோம்ப்டா கீ கோம்ப்டி?" என்றாள்.

"என்னது?"

"சேவலா, கோழியா? சொல்லிட்டுக் கடி. உள்ளே சிவப்பா இருந்தா சேவல், வெளுப்பா இருந்தா கோழி."

கொங்கணத்தில் அவள் ஊர்ப் பிள்ளைகள் மே மாத லீவு முழுக்க மலையில் திரிந்துகொண்டு ஆடுகிற ஆட்டம் அது. நான் கோழி என்றேன். கடித்தேன். உள்ளே ரத்தச் சிவப்பு. தோற்றேன், ஆனால் அந்த ருசி! தித்திப்பு, பின்னாலேயே ஒரு புளிப்பு, உதட்டில் பசை மாதிரி ஒரு பால் ஒட்டிக்கொள்கிறது. தொன்னையின் அடியில் பழுக்காத காய் ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் ரோஸ். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடக் கடவுளே, இது எங்க களாக்காய்!" என்று பிளாட்பாரத்திலேயே கத்திவிட்டேன்.

வண்டியில் ஏறின பிறகும் எனக்கு ஆறவில்லை. பிறந்ததிலிருந்து இதை உப்பிலும் மிளகாய்ப்பொடியிலும் முக்கியே தின்னக் கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு பழம் இதற்குள்ளே இருக்கிறது என்று ஒருத்தராவது வாயைத் திறந்தார்களா? வஹினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லேடீஸ் டப்பாவில் எங்களையே எல்லோரும் பார்த்தார்கள். நான் கொட்டைகளைத் துப்பித் துப்பிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

"என்ன பண்ணப் போறே?"

"நடப் போறேன். ஜன்னல் கீழ."

"அது மலைச்செடி, உன் ஜன்னலுக்குக் கீழே எல்லாம் வராது. வந்தாலும் நீ பழத்தைப் பாக்க மாட்டே. உங்க ஆளுங்க பழுக்க விடுவாங்களா? காயாவே ஜாடிக்குப் போயிடும்."

"பழுக்க வெச்சு உன் வாயில போடறேனா இல்லையா பாரு!"

"பந்தயமா?"

"பந்தயம்!"

என்ன பந்தயம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. ஆனால் ரோஷம் என்று வந்துவிட்டால் எனக்கு அது போதும்.

அன்று சாயங்காலமே நட்டேன். மண்ணா அது! ஒரு சாண் தோண்டினால் கட்டிடம் கட்டின காலத்துச் செங்கல் துண்டும் சுண்ணாம்புக் கட்டியும் வந்தன. பின்னால் தபேலா என்கிற எருமைக் கொட்டிலிலிருந்து பால் கொண்டுவரும் பையாவிடம் கெஞ்சிச் சாணி வாங்கினேன். அவன் தினம் ஒரு உருண்டை கொண்டுவந்து, பாலுக்குத் தண்ணீர் கலப்பதைப் பற்றி நான் சண்டை போடாமல் இருப்பதற்கு அதை லஞ்சம் மாதிரி வைத்துவிட்டுப் போவான். ஜூன் மழை வந்தது. ஏழு முளைத்தன. நாலை மழை அடித்துக்கொண்டு போயிற்று, ஒன்றை ஆடு கடித்தது. மிச்சம் இரண்டு. அவற்றைச் சுற்றி உடைந்த குடைக்கம்பிகளை நட்டுவைத்தேன்.

மறுவருஷம் கிளையில் முள் வந்தது. கவைமுள், தொட்டால் விரலில் ஏறும். மாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

"வாசல்ல முள்ளுச்செடி ஆகாதுடி. ஆத்துல சண்டை வரும். பிடுங்கிப் போடு."

"இது வாசல் இல்லேம்மா, ஜன்னல்."

"ஜன்னலுக்கு வேற சாஸ்திரமா? எதிர்த்துப் பேசறதைப் பாரு!"

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "செடி ஒரு முழங்கூட வளரலை, சண்டை அதுக்குள்ள கூரையைத் தொட்டுடுத்து" என்றார். அன்றைக்கு அவருக்கு இரண்டு பேரிடமும் திட்டு விழுந்தது.

வேறு வழியில்லாமல்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "இது களாச்செடிம்மா."

மாமியார் அப்படியே நின்றார். "களாவா? அசடே, முன்னாடியே சொல்லப்படாதோ!"

அவ்வளவுதான். முள்ளும் போயிற்று, சாஸ்திரமும் போயிற்று. அன்றிலிருந்து அரிசி களைந்த தண்ணீர் முழுக்கச் செடிக்கே. காலையில் காப்பி குடித்த கையோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார். எனக்கும் சந்தோஷம்தான். எதற்காகப் பார்க்கிறார் என்பது மட்டும் என் மரமண்டைக்கு எட்டவில்லை.

அறுபத்தைந்தில் பூத்தது. மாசி மாதத்தில் இரண்டு செடியும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, ராத்திரி ஜன்னலைத் திறந்தால் மல்லிகைக்கும் இல்லாத ஒரு மணம் உள்ளே வரும். வஹினி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "சேவலா, கோழியா? இன்னும் ஜாடி வெளியில வரலையா?" என்று கேட்பாள். "உன் வாயை அலம்பி வெச்சுக்கோ" என்று நான் கத்துவேன். ஏப்ரலில் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. இலை தெரியவில்லை என்றால் நம்புங்கள்.

அந்தச் சமயம் பார்த்து என் தங்கைக்கு வளைகாப்பு வந்தது. மாதுங்காவுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தேன். கேட்டைத் திறக்கும்போதே செடியைப் பார்த்தேன். மொட்டை! ஒரு காய் இல்லை. உள்ளே ஓடினால் மாமியார் முகத்தில் தீபாவளி.

"வாடி வா! நீ வரதுக்குள்ள எல்லாத்தையும் பறிச்சு முடிச்சுட்டேன். கையில தேங்காயெண்ணெய் தடவிண்டுதான் பறிச்சேன், இருந்தும் பால் பிசுபிசுன்னு போகவே மாட்டேங்கறது. பாரு, நாலு ஜாடி! காலனியிலேயே யாராத்துலயும் இப்படி இல்லை."

ஜாடிகள் வரிசையாக, வாயில் வெள்ளைத்துணி கட்டி உட்கார்ந்திருந்தன. எனக்கு அழுகை வந்தது. கோபம் அதற்கு முன்னால் வந்துவிட்டது. மூன்று வருஷம்! "உங்களை யார் பறிக்கச் சொன்னா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. களாக்காயைப் பறிக்காமல் வேறென்ன செய்வது என்று பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை, "அதானே" என்றார்.

இரண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை. ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொண்டேன். என்ன சொல்ல, நாசமாய்ப் போக, அவ்வளவு நன்றாக இருந்தது. இன்னும் நாலு துண்டு எடுத்துக்கொண்டேன். மாமியார் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வஹினியோ மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மறுவருஷம் நான் முன்ஜாக்கிரதையாக இருந்தேன். பிஞ்சு விடும்போதே மாமியாரிடம் சொல்லிவிட்டேன்: ஒரு செடி உங்களுக்கு, ஒரு செடி எனக்கு. என் செடியில் கை வைக்கக் கூடாது. "உன் செடியை நீயே கட்டிண்டு அழு" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் காப்பாற்றினார். துரோகம் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

காலனியில் நம்மவர்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பம். களாக்காய் காய்த்த சேதி பரவாமல் இருக்குமா? எதிர் பிளாக் மாமி ஒருத்தி கிண்ணத்தோடு வந்தாள், அதுவும் வெள்ளிக்கிழமை பார்த்து. மாமியார் செடியில் அன்று காலையில்தான் பறித்து உப்புப் போட்டாயிற்று. என் செடி ஜன்னலுக்கு நேரே குலுங்கிக்கொண்டு நிற்கிறது. வெள்ளிக்கிழமை வீடு தேடி வந்த சுமங்கலியை வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? ரெண்டு பிடி பறித்துக் கொடுத்தேன். அவள் போய் அடுத்தவளிடம் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று கிண்ணம். அதற்கடுத்தது ஐந்து. நானே, என் கையால், குங்குமம் கொடுத்து, என் செடியை மொட்டையடித்தேன். மாமியாரைச் சொல்லப் போனேனே, எனக்குள்ளேயும் அதே ரத்தம்தான் ஓடுகிறது.

கடைசியில் சுவர் ஓரமாக, முள்ளுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிளை மட்டும் மிஞ்சியது. அதில் பதினைந்து இருபது காய் இருக்கும். பழைய உள்பாவாடையைக் கிழித்துப் பை தைத்து, கிளையோடு சேர்த்துக் கட்டினேன். கையெல்லாம் முள் கீறல். வெள்ளிக்கிழமை வந்தாலும் சரி, அந்த வரலக்ஷ்மியே நேரில் வந்தாலும் சரி, இந்தப் பை அவிழாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் வஹினி கீழே இறங்கி வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் உலகத்தில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அவள் வீட்டுக்காரருக்கு நாக்பூருக்கு மாற்றல் ஆகிவிட்டது. மே இருபதாம் தேதி வண்டி.

"இருபதா? அதுக்குள்ள பழுக்காதே!" என்றேன். வாயில் வந்தது அதுதான். அழுவதற்குப் பதில் அதைச் சொன்னேன்.

"போகட்டும், நான் ஜெயிச்சேன்னு ஒத்துக்கோ" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "கல்யாணத்துக்கப்புறம் மே மாசம் ஊருக்கே போகலை வஹினி. காசு குடுத்துத் தின்னுட்டேன், அது வேற. நம்ம வாசல்ல காய்ச்சதைத் தின்னணும்னு இருந்தது."

பந்தயம் எல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது. அவள் வண்டி ஏறுவதற்குள் என் செடியில் விளைந்த ஒரே ஒரு பழத்தையாவது அவள் வாயில் போட வேண்டும். ஐந்து வருஷ சிநேகிதத்துக்கு அதுகூட என்னால் முடியாதா? தினம் இரண்டு வேளை பையை அவிழ்த்துப் பார்த்தேன். பச்சை ரோஸ் ஆயிற்று. ரோஸ் சிவப்பு ஆயிற்று. சிவப்பில் வந்து நின்றுகொண்டது. "கறுத்துத் தொலையேன்!" என்று செடியைத் திட்டினேன். மாமியார் ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "திட்டினா பழுக்குமா? ராம ராமா, நீயும் உன் செடியும்" என்றார்.

கடைசி மூன்று நாள் மாடியில் மூட்டை கட்ட ஒத்தாசைக்குப் போய்விட்டேன். பாத்திரங்களைக் கோணியில் போட்டுத் தைப்பதும், படுக்கையைச் சுருட்டுவதுமாக, செடியை எட்டிப் பார்க்க நேரமே இல்லை. கிளம்புகிற அன்று காலையில் எழுந்ததும் முதல் காரியமாகப் போய்ப் பையை அவிழ்த்தேன்.

கிளை காலி. ஒன்று கூட இல்லை.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. நேரே சமையலறைக்குப் போனேன். மாமியார் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அதையும் பறிச்சாச்சா? அந்தப் பத்துக் காய் இல்லாட்டா உங்க ஜாடி நிரம்பாதோ? சொன்ன சொல்லுன்னு ஒண்ணு கிடையாதா உங்களுக்கு?"

ஐந்து வருஷத்தில் அவரிடம் நான் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. அவர் கத்திரிக்காயை முடித்துவிட்டு வாழைக்காயை எடுத்துக்கொண்டார். பேசாமல் இருக்கிறாரே என்று எனக்கு இன்னும் ஆத்திரம். முள்ளுச்செடி வைத்தால் வீட்டில் சண்டை வரும் என்று அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று.

மூன்று மணிக்கு டாக்ஸி வந்தது. சாமான்கள் ஏறின. வஹினி சொல்லிக்கொள்ள வந்தாள். பச்சைப் புடவை, கை நிறையப் பச்சை வளையல். நான் பேச வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று நின்றுகொண்டிருந்தேன். மாமியார் உள்ளே போய்த் தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துண்டு, ஒரு சின்ன ஜாடி ஊறுகாய். பக்கத்தில், காம்பவுண்டில் நிற்கும் பாதாம் மரத்து இலையை ஈர்க்குச்சியால் தைத்து ஒரு தொன்னை. தொன்னைக்குள்ளே கறுகறுவென்று களாப்பழம்.

நான் வாயைப் பிளந்தேன்.

"அன்னிக்கே செவந்துடுத்து. நீ திட்டித் திட்டி அதைக் கிளையிலேயே காய வெச்சுடுவே போல இருந்தது" என்றார் மாமியார், என் முகத்தைப் பார்க்காமல். "அரிசி டின்னுக்குள்ள போட்டேன். மாங்கா பழுக்கறது, இது பழுக்காதா? ரெண்டு அழுகிப்போச்சு. மத்ததெல்லாம் ஜம்முனு கறுத்துடுத்து."

காலையில் நான் பேசின பேச்சுக்கு அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். டின்னைத் திறந்து காட்டியிருந்தால் என் வாய் அப்போதே அடைத்திருக்கும். வஹினி வரும்வரை வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட இருந்தது. விழவில்லை. மூக்கைத்தான் உறிஞ்சினேன்.

மாமியார் சொன்னதை நான் ஹிந்தியில் சொன்னதும் வஹினி தொன்னையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அரிசியிலயா? அரே தேவா, உங்களுக்குத்தான் இதெல்லாம் தோணும்!" என்றாள். அப்புறம் ஒரு பழத்தை எடுத்துச் சின்னப் பெண் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, "சேவல்" என்று சொல்லிக் கடித்தாள். சிவப்பு. அடுத்தது கோழி என்றாள். வெளுப்பு. மாமியார் வாயிலும் ஒன்றை வலுக்கட்டாயமாகத் திணித்தாள். அறுபது வயசில் அந்த அம்மாள் முதல் தடவையாகக் களாப்பழம் தின்றார். முகம் சுருங்கி, விரிந்து, "அட, தித்திக்கிறதே!" என்றார். அவர் குரலில் இருந்த ஆச்சரியத்தைக் கேட்டு டாக்ஸிக்காரன்கூடச் சிரித்தான்.

"நீ ஜெயிச்சுட்டே" என்று வஹினி என்னைக் கட்டிக்கொண்டாள். தொன்னையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். மிச்சப் பழத்தையும் ஊறுகாய் ஜாடியையும் மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறினாள். தெருமுனை திரும்பும்வரை பச்சை வளையல் கை வெளியே ஆடிக்கொண்டிருந்தது.

நான் போய் என் மொட்டைச் செடிக்குப் பக்கத்தில் நின்றேன். மாடி ஜன்னல் மூடியிருந்தது. இனிமேல் அங்கிருந்து யாரும் எட்டிப் பார்த்துக் கேலி பண்ணப்போவதில்லை. கையைத் திறந்து பழத்தை வாயில் போட்டுக் கடித்தேன். தித்திப்பு, பின்னாலேயே அந்தப் புளிப்பு. மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு இரண்டு மெல்லு மென்று விழுங்கியும் விட்டேன்.

உள்ளே சமையலறை ஜன்னலில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஏண்டி," என்று மாமியாரின் குரல் வந்தது, "சேவலா, கோழியா?"

மராத்தி ஒரு வார்த்தை தெரியாத மாமியார். இத்தனை வருஷமும் அந்த ஜன்னலுக்குள்ளிருந்து எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

பார்க்க மறந்துவிட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை. "சேவல்மா" என்றேன்.

"பொய் சொல்றே. பார்க்காமலேயே முழுங்கிட்டே. போறது, அடுத்த வருஷம் பார்த்துச் சொல்லு" என்றார்.